சேலம் லைன், குமாரபாளையம் லைன்

கரட்டுப்பாளையத்திலிருந்து முதல் புகார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு வந்தது. "வீடியோ கால் பேசிட்டிருக்கறப்பவே நின்னு போகுதுங்க. நாலஞ்சு நிமிசங் கழிச்சுத் தானா வருது. மறுக்காவும் நின்னு போகுது" என்று ஒரு பெண் சொன்னதைப் புகார் எடுக்கிறவர்கள் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். அன்று வந்த நாற்பத்தோரு புகார்களில் அது ஒன்று. தனப்பிரியா அதை லைன்மேன் நாச்சிமுத்துவுக்கு அனுப்பிவிட்டு அடுத்ததைப் பார்த்தாள்.

திருச்செங்கோட்டில் இருக்கும் அந்த இணையக் கம்பெனியில் ரௌட்டர், ஃபைபர் எல்லாம் அவள் பொறுப்பு. வயது முப்பத்திரண்டு. ராசிபுரத்தில் தறிக் குடும்பத்தில் பிறந்து, பொறியியல் படித்து, பெங்களூரில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். முதலாளி ஜெகதீஸ்வரன் ஒரு காலத்தில் கேபிள் டிவி நடத்தியவர், கம்பத்துக்குக் கம்பம் தானே ஏறி ஒயர் கட்டியவர். இப்போது இருபத்திரண்டாயிரம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் இணையம் கொடுக்கிறார்.

அத்தனை பேரும் வெளியுலகத்துக்குப் போக இரண்டே வழிதான். ஒன்று சங்ககிரி வழியாகச் சேலம் போகும் ஃபைபர். மற்றது குமாரபாளையம் போய், காவிரிப் பாலத்தைத் தாண்டி, பவானி வழியாக ஈரோடு போவது. ஆபீசில் சேலம் லைன், குமாரபாளையம் லைன் என்பார்கள். எந்த ஊர் எந்த லைனில் போக வேண்டும் என்று தனப்பிரியா கையால் பிரித்து வைத்திருந்தாள். மூன்று வருடம் அப்படித்தான் ஓடியது. சில நேரம் ஒரு லைன் நிரம்பித் திணறும், மற்றது பாதி காலியாகக் கிடக்கும். அந்தக் காலி ஜெகதீஸ்வரன் கண்ணை உறுத்தியது.

தை மாதம் அவர் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். ஊர் ஊராக வைத்திருந்த பதினான்கு ரௌட்டர்களிலும் அதை ஏற்றினார்கள். இரண்டு லைனிலும் எவ்வளவு சுமை என்று அதுவே பார்க்கும், சுமை குறைந்த பக்கமாக அதுவே திருப்பிவிடும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை. முதல் மாதம் நன்றாகவே ஓடியது. அந்தத் தெம்பில் புதிதாக நாலாயிரம் இணைப்புகள் கொடுத்தார்கள். பெரும்பாலும் குமாரபாளையம் பக்கத்து ஊர்களில்.

மாசி கடைசியில் கோளாறு ஆரம்பித்தது.

காலை பத்தரைக்கு மேல் குமாரபாளையத்து ஜவுளிக்காரர்கள் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி லைவில் விற்க ஆரம்பிப்பார்கள். லாரி புக்கிங் ஆபீசுகளும் கோழிப்பண்ணைக் கேமராக்களும் பள்ளிக்கூடங்களும் அதே நேரத்தில்தான் மும்முரமாக இருக்கும். சேலம் லைன் நிரம்பும். சேலம் நிரம்பிவிட்டது, குமாரபாளையம் காலி என்ற தகவல் பதினான்கு ரௌட்டருக்கும் போகும். ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமல் பதினான்கும் ஒரே நேரத்தில் குமாரபாளையம் பக்கம் திரும்பும். இப்போது அது நிரம்பிவிடும், சேலம் காலியாகிவிடும். அந்தத் தகவல் போய்ச் சேர்ந்து, ரௌட்டர்கள் அடுத்த முடிவெடுக்க நாலு நிமிடம் ஆகும். அதுவரை குமாரபாளையம் லைனில் இடமில்லாமல் வந்ததில் பாதி கொட்டிப்போகும். பிறகு பதினான்கும் சேர்ந்து சேலத்துக்கு ஓடும். மதியம் ஒரு மணி வரை இதே ஆட்டம். ஒவ்வொரு ரௌட்டரும் தன்னளவில் சரியாகத்தான் முடிவெடுத்தது. அது பார்த்த நிலவரம்தான் நாலு நிமிடம் பழசாக இருந்தது.

தனப்பிரியாவுக்கு இது புரிய இரண்டு நாள் ஆனது. ஜெகதீஸ்வரனுக்குப் புரியவைக்க முடியவில்லை. அவர் மேசையில் இருந்த திரையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி வீதம் சராசரி மட்டுமே தெரியும்.

"இங்க பாரம்மிணி. சேலம் அறுவது, குமாரபாளையம் அறுவத்திரண்டு. ரெண்டு லைன்லயும் எடம் கெடக்குது. நீ என்னமோ நெரிசல்ங்கற."

"அது சராசரிங்ணா. நாலு நிமிசம் நூறு, நாலு நிமிசம் இருவதுன்னு மாறி மாறி ஓடுதுங்ணா. கூட்டிப் பாத்தா அறுவதுதான் வரும்."

"அப்ப அந்த சாஃப்ட்வேர்க் கம்பெனிக்காரனக் கேக்கோணும்."

கேட்டார்கள். எல்லாம் சரியாக இருப்பதாகப் பதில் வந்தது.

அந்த வாரம் முழுவதும் கரட்டுப்பாளையத்திலிருந்து தினமும் புகார் வந்தது. தினமும் பதினொன்று, பதினொன்றரைக்குள். நாச்சிமுத்து இரண்டு முறை போய் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை ஆபீசுக்குள் வந்து தனப்பிரியாவின் மேசைக்கு எதிரே நின்றார்.

"ஃபைபர்ல லைட்டு நல்லா வருதுங்க. பொட்டியும் மாத்திட்டன். அந்தூட்டுக்கு நீங்களே ஒருக்கா போயிட்டு வாங்க."

"ஏனுங்ணா?"

"அந்தூட்டுக்காரரு போர்வெல் ரிக்கு வண்டில டிரில்லருங்க. சத்தீஸ்கர் பக்கம் போர் ஓட்டறப்ப கம்ப்ரசர் ஹோஸ் தெறிச்சு நெஞ்சுல அடிச்சுருச்சாமா. ராய்ப்பூர்ல ஆஸ்பத்திரில கெடக்கறாரு. அவரப் பாக்கறதுக்குத்தான் அந்த வீடியோ."

மறுநாள் பத்தரை மணிக்குத் தனப்பிரியா கரட்டுப்பாளையம் போனாள். சங்ககிரி ரோட்டிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர், பாறைக் கரட்டுக்குப் பின்னால் நாற்பது வீடுகள். கரடு மறைப்பதால் அங்கே செல்போன் டவர் எதுவும் சரியாக எடுக்காது. வளைவில் நின்றால் பேசலாம், வீட்டுக்குள் அதுவும் இல்லை. அதனால்தான் அந்த ஊரில் முக்கால்வாசி வீட்டில் அவர்கள் கம்பெனி இணைப்பு இருந்தது.

கதவைத் திறந்தவள் சண்முகப்பிரியா. காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். புகார் கொடுத்த குரல் அவளுடையது. உள்ளே இரும்புக் கட்டிலில் அவள் அம்மா வசந்தாமணி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போன மாதம் பால் சொசைட்டிக்குப் போகும்போது வண்டியோடு விழுந்து தொடை எலும்பு உடைந்து பிளேட் வைத்திருந்தார்கள். இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது. அவள் கட்டிலில் விழுந்த பதினைந்தாம் நாள் ராய்ப்பூரிலிருந்து கணவன் மயில்சாமியைப் பற்றிப் போன் வந்தது.

"ரயில்ல படுக்க வெச்சாச்சும் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டம்மா. டாக்டரு ஆகவே ஆகாதுன்னுட்டாரு" என்றாள் வசந்தாமணி. "என்ற தம்பி மருதாசலந்தான் அங்க இருக்கறான். அவனையும் சாயந்தரம் அஞ்சு நிமிசந்தான் உள்ள உடறாங்களாம். காத்தால டாக்டரு வந்து பாத்துட்டுப் போனதுக்கப்பறம் ஒரு நர்சுப் புள்ள அதாவே போன் போட்டுக் காட்டுது. அது புண்ணியமாப் போகட்டும்."

"சிக்னல் வர்ற எடத்துக்குப் போயிப் பேசலாமுங்களா?"

"நாலு பேரு கட்டிலத் தூக்கோணுமே சாமி. அந்தப் புள்ளைக்கு எப்பக் கை ஒழியுதோ அப்பக் கூப்புடும். பதினொண்ணாவும், பன்னண்டாவும். அத்தன நேரம் வெய்யல்ல ரோட்டு மேல கெடக்க முடியுமா?"

பதினொன்று பத்துக்கு அழைப்பு வந்தது. சண்முகப்பிரியா போனை ஸ்டாண்டில் வைத்து அம்மாவுக்கு நேராகத் திருப்பினாள். தனப்பிரியா ஓரமாக நின்றாள். திரையில் ஒரு மனிதரின் முகம் தெரிந்தது. வாயில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி, பல நாள் தாடி. கண்கள் திறந்திருந்தன.

"ஏனுங்க, நானு. தெரீதுங்களா?"

நர்ஸ் போனைச் சற்றுக் கீழே இறக்கினாள். வலது கைவிரல் ஒன்று எழுந்து தாழ்ந்தது.

"தெரீதாமா!" என்று வசந்தாமணி மகளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். சோளத்தட்டு அறுத்தாகிவிட்டது. கிணற்று மோட்டாருக்குப் புது பேரிங் போட்டாகிவிட்டது. சின்ன மாடு சினை பிடித்திருக்கிறது. கால் பரவாயில்லை, ராத்திரி மட்டும் கொஞ்சம் குடைச்சல். ஒவ்வொன்றுக்கும் அந்த விரல் எழுந்து தாழ்ந்தது. மூன்றாவது நிமிடம், அவள் மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, படம் நின்றது. மயில்சாமியின் கண் பாதி மூடியபடி உறைந்தது.

வசந்தாமணிக்கு உடனே தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். "வேலுச்சாமி ஊட்டு மாடாட்டத்தான் இருக்குதுங்க, கொம்பு மட்டும்…" என்று சொல்லிவிட்டு விரல் எழுவதற்காகக் காத்திருந்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"நின்னுபோச்சும்மா" என்றாள் சண்முகப்பிரியா.

தனப்பிரியா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு நிமிடம் பத்து வினாடி. படம் திரும்பி வந்தபோது நர்ஸ் கையசைத்துவிட்டு அழைப்பை முடித்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது சண்முகப்பிரியா வாசல்வரை வந்தாள். "ஏனுங்கக்கா, சரியாகிருமுங்களா?"

"பாக்கறன்" என்றாள் தனப்பிரியா. வண்டியில் வரும்போது அந்தச் சொல் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அன்று மதியமே வேலையில் இறங்கினாள். பதினான்கு ரௌட்டரும் ஒரே நேரத்தில் திரும்புவதுதான் வினை என்பதால் ஒவ்வொன்றும் முடிவெடுக்கும் நேரத்தை முன்பின்னாக மாற்றி வைத்தாள். ஞாயிறும் திங்களும் ஆட்டம் அடங்கியது. திங்களன்று சண்முகப்பிரியா போன் செய்து, "இன்னிக்குப் பதினோரு நிமிசம் நிக்காமப் பேசுனமுங்கக்கா" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுத் தனப்பிரியா டீக்கடைக்குப் போய் நாச்சிமுத்துவுக்கும் சேர்த்து போண்டா வாங்கி வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு மறுபடி ஆரம்பித்தது. திரையில் கோடுகளைப் பார்த்தபோது அவளுக்கு நம்ப முடியவில்லை. தனித்தனி நேரத்தில் விட்ட ரௌட்டர்கள், லைன் நிரம்புவதும் காலியாவதுமான அந்த அசைவைப் பார்த்துப் பார்த்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒரே நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முடிவெடுக்கும் இடைவெளியைப் பத்து நிமிடமாக நீட்டிப் பார்த்தாள். ஆட்டத்தின் எண்ணிக்கை குறைந்தது, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் நீண்டது. பழையபடி நாலுக்கே கொண்டுவந்தாள்.

புதன்கிழமை சாயந்தரம் சண்முகப்பிரியா மறுபடி பேசினாள். ரோட்டு வளைவில் நின்று பேசியிருக்க வேண்டும், பின்னால் லாரிச் சத்தம் கேட்டது.

"அக்கா, நாளைக்குக் காத்தால அப்பாவுக்குக் கொழாயை எடுக்கறாங்களாமுங்க. மாமன் சொன்னாரு. எடுத்தா அப்பா பேசலாமுங்களாமா. நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நிக்காமப் பாத்துக்கறீங்களாக்கா?"

தனப்பிரியா ஜெகதீஸ்வரனிடம் போனாள். மறுநாள் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை சாஃப்ட்வேரை நிறுத்திவிட்டுப் பழைய மாதிரி கையால் பிரித்து ஓட்டலாம் என்றாள். எதற்காக என்பதையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நிறுத்துனா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாத்தியா?"

பார்த்திருந்தாள். புது இணைப்புகள் நாலாயிரமும் மேற்கேதான். பழைய பிரிவினைப்படி விட்டால் சேலம் லைன் தாங்கும். குமாரபாளையம் லைனில் கொள்ளளவுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு வரும். அந்த ஒரு மணி நேரமும் மேற்கே இருக்கிற எந்த ஊருக்கும் ஒழுங்காகக் கிடைக்காது. கரட்டுப்பாளையமும் மேற்குதான்.

"அந்த ஊரை மட்டும் சேலத்துக்கு மாத்திட்டு…"

"மாத்திட்டு? மேக்கால ரெண்டு ஆஸ்பத்திரி இருக்குது. ஏழு பள்ளிக்கூடம். அதுகளையெல்லாம் ஒரு மணி நேரம் கெடையா கெடக்க உடலாமா? யாரை நிறுத்தறதுன்னு நீயே சொல்லம்மிணி, நிறுத்தறன்."

மூன்றாவதாக ஒரு லைன் கேட்டு அவர் தை மாதமே எழுதிக் கொடுத்திருந்தார். வைகாசியில் கிடைக்கும் என்றிருந்தார்கள். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது தனப்பிரியாவுக்குத் தெரியும். அவரைத் திட்டிக்கொண்டாவது வெளியே வந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லை.

அவள் கையில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. கரட்டுப்பாளையத்தை மட்டும் இந்த ஆட்டத்திலிருந்து விலக்கி ஒரே லைனில் கட்டிப் போடலாம். எந்த லைனில்? கடந்த பத்து நாள் பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். பத்தில் ஏழு நாள், பதினொன்று பத்து முதல் இருபது வரை, கூட்டம் பெரும்பாலும் சேலம் பக்கம் இருந்தது. ஆகவே குமாரபாளையம் லைன். அந்த ஊரிலிருந்து வெளியே போகிற எல்லாவற்றுக்கும் முதல் வழி என்றும் எழுதி வைத்தாள். உள்ளே வருவதற்கு அப்படி வழிவிடுவது அவள் கையில் இல்லை. ஈரோட்டில் அந்த லைனின் மறுமுனையில் இருக்கும் ரௌட்டர் பெரிய கம்பெனி ஒன்றுடையது. அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினாள். மூன்று வேலை நாட்களில் பரிசீலிப்பதாக ஒரு எண் வந்தது.

வியாழக்கிழமை காலை பத்தரையிலிருந்து அவள் திரையைவிட்டு நகரவில்லை. பதினொன்று பன்னிரண்டுக்குக் கரட்டுப்பாளையத்தில் ஒரு வீடியோ அழைப்பு தொடங்கியது தெரிந்தது. சேலம் லைன் நிரம்பியிருந்தது. குமாரபாளையம் லைன் காலியாக இருந்தது. நினைத்தபடியே நடந்தது. நிமிடம் ஒன்று. இரண்டு.

பதினொன்று பதினான்குக்கு மற்ற பதிமூன்று ரௌட்டர்களும் குமாரபாளையம் பக்கம் திரும்பின.

அவள் எதிர்பார்த்ததைவிட ஆறு நிமிடம் முன்னால். ஏன் அன்று முன்னால் வந்தது என்று பிறகு எவ்வளவு தேடியும் அவளுக்குத் தெரியவில்லை. எங்கோ ஒரு ஜவுளிக்காரர் கொஞ்சம் சீக்கிரம் கடை விரித்திருக்கலாம். திரையில் குமாரபாளையம் லைனின் கோடு நூறைத் தொட்டது. கரட்டுப்பாளையத்தைச் சேலம் பக்கம் மாற்ற அவசரமாகக் கட்டளை அடித்தாள். அந்த ஊர் ரௌட்டருக்கு அவள் கட்டளை போனது, அது ஏற்றுக்கொண்டதா என்ற பதில் வரவில்லை. மறுபடி அடித்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டளையும் உள்ளே வருகிற அதே நெரிசலில்தான் போய்ச் சேர வேண்டும்.

"வா, வா, வா" என்று வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. விசைப்பலகைமேல் கையை வைத்துக்கொண்டு நாலு நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்று பதினெட்டுக்குப் பதிமூன்றும் சேலம் பக்கம் போயின. குமாரபாளையம் லைன் காலியாகியது. கரட்டுப்பாளையத்து அழைப்பு அதற்குள் முடிந்திருந்தது.

மயில்சாமிக்கு மதியம் மூச்சு வாங்க ஆரம்பித்து மறுபடி குழாய் போட்டு மயக்கத்தில் வைத்துவிட்டார்கள். சாயந்தரம் மருதாசலம் உள்ளே போனபோது அவர் கண் திறக்கவில்லை. சனிக்கிழமை விடியும்போது இறந்துபோனார். ராய்ப்பூரிலிருந்து ஆம்புலன்சில் கொண்டுவர ஒரு பகலும் ஓர் இரவும் ஆனது.

மூன்றாம் நாள் தனப்பிரியா நாச்சிமுத்துவோடு கரட்டுப்பாளையம் போனாள். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. அவளைப் பார்த்ததும் சண்முகப்பிரியா எழுந்து வந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனாள்.

"அக்கா, அந்த நர்சுகிட்டப் பேசுனனுங்க. பாதி இங்கிலீசு, பாதி இந்தி. அப்பா என்ன சொன்னாருன்னு கேட்டன். தமிழ் தெரீலன்னு சொல்லுச்சு. காதுல விழுந்தத அப்படியே சொல்லச் சொன்னன். 'வந்தா'ங்கறாப்புல என்னமோ ரெண்டு மூணு தடவ சொன்னாராமா."

"வந்தாவா?"

"வந்தாவோ, வேண்டாவோ. அம்மாளை அப்பா வசந்தான்னுதான் கூப்புடுவாரு. அதாக்கூட இருக்குங்க. அம்மா அதுதான்னு சொல்லுது. மாமன், வேண்டா வேண்டான்னு சொல்லியிருப்பாரு, வலி தாங்காம, அப்படிங்கறாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணும் அந்த நர்சு சொல்லுச்சு. அவங்களுக்கு நம்ம படம் நிக்கவே இல்லியாமா. நாங்க பேசுனது பூராவும் அங்க நல்லாக் கேட்டுதாமா. நெசமுங்களாக்கா?"

நிஜமாகத்தான் இருக்க வேண்டும் என்று தனப்பிரியாவுக்குத் தெரிந்தது. போகிற பக்கத்துக்குத்தான் அவள் முதல் வழி எழுதி வைத்திருந்தாள்.

"ஏங்கண்ணு, படம் நின்னதுக்கப்பறம் நீங்க என்ன பண்ணுனீங்க?"

"அம்மாவுக்குக் கோவம் வந்துருச்சுங்க. 'இன்னிக்குன்னு பாத்தா இந்தச் சனியன் இப்படிப் பண்ணோணும், எடு அக்கட்ட, எனக்குப் பாக்கவே வேண்டாம்'னு சொல்லிப் போனைக் கட்டல் மேல குப்புறப் போட்டுருச்சு. நானும் அழுதுட்டு உக்காந்துட்டன். நர்சு சொல்லுச்சு, நம்ம படம் மட்டும் இருட்டாகிருச்சு, அப்பறமும் அவரு பேசிட்டேதான் இருந்தாருன்னு." அவள் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட இதச் சொல்லலீங்கக்கா."

அந்த ஊரைக் கட்டிப் போட்டது தான்தான் என்று தனப்பிரியா அவளிடம் சொன்னாள். விட்டிருந்தால் மற்ற பதிமூன்றோடு சேர்ந்து சேலம் பக்கம் இருந்து, பிறகு குமாரபாளையம் பக்கம் வந்திருக்கும். அப்போதும் ஏதோ ஒரு நேரத்தில் நின்றிருக்கும். ஆனால் அந்த நாலு நிமிடம்தான் நின்றிருக்குமா என்று தெரியாது. சண்முகப்பிரியா கேட்டுக்கொண்டாள். எவ்வளவு புரிந்தது என்று சொல்ல முடியவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானுங்க பண்ணுனீங்க" என்று மட்டும் சொன்னாள். அது ஆறுதலாக இல்லை.

உள்ளே வசந்தாமணி அதே கட்டிலில் இருந்தாள். தனப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்ற கம்பெனி மிசின்ல அதெல்லாம் பதிஞ்சிருக்குமில்ல சாமி?"

"எதுங்கக்கா?"

"அவிய பேசுனது. படம் நின்னப்ப பேசுனது. இங்க வரலீன்னாலும் வழில எங்காச்சும் நின்னிருக்குமில்ல. தேடிப் பாத்தாக் கெடைக்காதா? கொஞ்சம் நாளானாலும் பரவால்ல."

"கெடைக்காதுங்கக்கா. எடம் இல்லைன்னா அத மிசினு அப்பவே உட்டுரும். எத்தனை உட்டுதுன்னு நெம்பர் மட்டும் இருக்கும். என்ன உட்டுதுன்னு இருக்காது."

அந்த எண்ணை அவள் பார்த்திருந்தாள். நாலு நிமிடத்தில் எட்டு லட்சத்துச் சொச்சம் தகவல் துண்டுகள். அதில் பெரும்பகுதி சேலைகளும் கோழிப்பண்ணைக் கேமராப் படங்களும்.

வசந்தாமணி அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "சரி, அது போகட்டும். நான் பேசுனது? அது அங்க போச்சா?"

சண்முகப்பிரியா கதவருகில் நின்றிருந்தாள். தனப்பிரியா அவளைப் பார்க்கவில்லை. போகவில்லை என்று சொன்னால், அன்று காலை ஆசையாகச் சொன்ன எதுவும் அவரிடம் சேரவில்லை என்றாகும். போனது என்றால் எல்லாமே போனது, கோபத்தில் சொன்னதும் சேர்த்து.

"போச்சுங்கக்கா" என்றாள்.

"எல்லாமா?"

"ஆமாங்க."

வசந்தாமணி அவள் கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. அவள் உதடுகள் லேசாக அசைந்தன, அன்று தான் சொன்னவற்றை ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது போல. ஒரு இடத்தில் அசைவு நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"காப்பி குடிச்சுட்டுப் போ சாமி" என்றாள் வசந்தாமணி, கண்ணைத் திறக்காமலே.

வைகாசியில் மூன்றாவது லைன் வந்தது, நாமக்கல் வழியாக. நெரிசல் குறைந்தது. ஆனாலும் காலையில் பதினோரு மணி வாக்கில் பதினான்கு ரௌட்டர்களும் மூன்று லைனுக்கும் மாறி மாறி ஓடுவதைத் தனப்பிரியா திரையில் பார்ப்பாள். இப்போது ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. புகார் அதிகம் வருவதில்லை. ஜெகதீஸ்வரன் அவளுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தார். அந்த ஒரு நிமிடத்தை இல்லாமல் செய்ய அவள் இன்னும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை முடியவில்லை.